ரெக்கோடரை நிறுத்திய பிறகு

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியவை: வன்னியில் வீடு வீடாகப் போய், ஆட்களோடு இருந்து கதைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு. கேட்கப் போனவர்களும் எழுதியிருக்கிறார்கள்; கேட்கப்பட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். கேட்கப்பட்டவரின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

காணாமல் போன என்ர மகனைப் பற்றி நாலு தரம் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிட்டினம். கம்பஸ் பிள்ளையள் இரண்டு தரம், நிறுவனக்காரர் ஒருக்கா, வெளிநாட்டிலயிருந்து ஒருக்கா. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. இப்ப இன்னொரு பிள்ளை வந்து நிக்குது. பாவமாயும் கிடக்கு. மாட்டன் எண்டு சொன்னா ஏதும் பிரச்சினை வருமோ?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

வராது. மாட்டேன் என்று சொல்லலாம்; காரணமும் சொல்லத் தேவையில்லை. வந்த பிள்ளை கிராம அலுவலரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாலும் அப்படித்தான். மாணவர் ஆய்வுக்கும் அஸ்வெசும நிவாரணப் பட்டியலுக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் தொடர்பே இல்லை. அரைச் சம்மதமும் சம்மதம்தான். "தோட்டத்தைப் பற்றிக் கேள், சொல்லுறன். மகனைப் பற்றிக் கேக்காதை பிள்ளை" என்று எல்லை போட்டுக் கொடுக்கலாம். பாதியில் மனம் மாறினால் பாதியில் எழும்பலாம்.

பாவம் பார்த்துச் சம்மதிப்பதாக இருந்தால், படலையில் வைத்தே சில கேள்விகளை நீங்கள் கேளுங்கள். எந்தக் கம்பஸ், மேற்பார்வை செய்கிற ஆசிரியர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன? செலவுக்குக் காசு யார் தருகினம்? நான் சொல்லுறது எங்கே, எந்த மொழியில் வெளிவரும்? என்ர குரலை யார் யார் கேட்பினம், எப்ப அழிப்பாய்? முடிச்ச பிறகு எந்த மாதம் வந்து சொல்லுவாய்? கடைசிக் கேள்விக்கு "கட்டாயம் வருவன் அம்மா" என்பது பதில் ஆகாது. மாதம் சொல்லாத பிள்ளை வராது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை வாசிக்கும் ஆய்வாளருக்கும் ஒரு சொல். வன்னித் தாய்மார் பலர் இதே கதையை 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2013 இல் காணாமல் போனோருக்கென்று வந்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தில் இருந்தும் சொன்னார்கள். இவ்வளவும் எழுத்தில் இருக்கும்போது "எப்பிடிக் காணாமல் போனவர்?" என்று இன்னொருதரம் கேட்பது ஆய்வு அல்ல, வாசிக்கப் பஞ்சிப்படுவது. உங்கள் தலைப்பு நுண்கடன் என்றால் 2009 மே மாதம் உங்களுக்குத் தேவையில்லை. அவராக எடுத்தால் கேளுங்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

நேர்காணலின் நடுவே அந்த அம்மா அழத் தொடங்கினா. நான் பயந்து ரெக்கோடரை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, பத்து நிமிடத்தில் வெளிக்கிட்டு வந்துவிட்டேன். செய்தது சரியா?
– இறுதியாண்டு மாணவி, வவுனியா

ரெக்கோடரை நிறுத்தியது சரி. வெளிக்கிட்டதுதான் பிழை. திறந்த புண்ணைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறீர்கள். "நான் அழுததாலதான் பிள்ளை போட்டுது" என்று அவர் நினைத்திருப்பார்.

அழுகை எல்லாம் கெடுதல் அல்ல. பல வருடமாக ஒருவரும் நின்று கேட்காத ஒன்றைக் கேட்டதால் வரும் அழுகையும் உண்டு. எது என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, அவரிடம்தான் கேட்க வேண்டும். முதலில் பேசாமல் இருங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்; உங்களுக்குத்தான் அது நீளமாகத் தெரியும். "அழாதேங்கோ" என்று சொல்லாதீர்கள், அது உங்கள் வசதிக்காகச் சொல்வது. தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். மூச்சு சீரான பிறகு மூன்று வழி காட்டுங்கள்: "இதோட நிப்பாட்டுவமா, இண்டைக்கு மட்டும் நிப்பாட்டுவமா, இல்லாட்டி இதை விட்டிட்டு வேற கதைப்பமா?" தொடரலாம் என்று மட்டும் கேட்டால் மரியாதைக்காக ஓம் என்பார். நிறுத்துவதை முதல் வழியாக வைப்பதற்குக் காரணம் அதுதான்.

எழும்புவதற்கு முன் பேச்சை அன்றாடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாடு கன்று போட்டது, கிணற்றுத் தண்ணீர் வற்றியது, பேரப்பிள்ளையின் ஸ்கொலஷிப் சோதனை. இதற்கென்று இருபது நிமிடத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். பேச்சு ஒரு மணித்தியாலம் என்றால் வருகை ஒன்றரை மணித்தியாலம். கடினமான கேள்வி நடுவில் வரவேண்டும், தொடக்கத்திலோ கடைசியிலோ அல்ல. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்பாவது பேச்சு முடிந்திருக்க வேண்டும். அழுத முகத்தோடு சோறு போட வைக்காதீர்கள். மே 18 ஐ அண்டிய நாட்கள், கார்த்திகைக் கடைசிக் கிழமை, காணாமல் போனவரின் பிறந்தநாள் ஆகியவற்றில் போகவே வேண்டாம். பிறந்தநாளை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இரண்டு மூன்று நாளில் ஒரு போன். அதுவும் அவர் முன்பே சம்மதித்த இலக்கத்துக்கு, சம்மதித்த நேரத்தில். "அண்டைக்குப் பிறகு எப்பிடி இருக்கிறியள்?" நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆலோசனை சொல்ல வெளிக்கிடாதீர்கள். நீங்கள் உளவளத்துணையாளர் அல்ல. அவரை இணைத்துவிடுவதுதான் உங்கள் வேலை. அதற்குரிய தாள் களத்துக்குப் போக முதலே கையில் இருக்க வேண்டும்: பக்கத்து வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு, அங்கிருந்து கடைசி பஸ் எப்போது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926, பெண்களுக்கான 1938. எழுதிய இலக்கத்தை நீங்களே ஒருதரம் அடித்துப் பாருங்கள். மறுமுனையில் தமிழில் கதைக்க ஆள் உண்டா என்று தெரியாமல் கொடுக்கும் இலக்கம் வெறும் தாள்.

ஒழுக்கவியல் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறது. அதற்கு மேல் 'கெயார் எதிக்ஸ்' எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். இரண்டும் ஒன்றில்லையா?
– முதுமாணி மாணவர், கிளிநொச்சி

இல்லை. குழு பார்ப்பது வாசலை. உள்ளே நடப்பதை அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. குழுக்களின் சட்டகம் மருத்துவ ஆய்வின் கொடுமைகளுக்கு எதிர்வினையாக வந்தது. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் கறுப்பின ஆண்களின் சிபிலிசு நோய்க்கு வைத்தியம் செய்யாமலே 1932 முதல் 1972 வரை கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்த பிறகு, 1979 இல் பெல்மொன்ட் அறிக்கை மூன்று விதி சொன்னது: ஆளை மதித்தல், நன்மை செய்தல், நீதி. நல்ல விதிகள்தான். ஆனால் அவை முன்பின் தெரியாத இருவர் ஒரு படிவத்துக்கு மேலே சந்திப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. நீங்களோ ஒரே வீட்டுத் திண்ணையில் ஏழெட்டு மாதம் இருக்கப் போகிறீர்கள். இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் கிலமினும் கில்லமும் 2004 இல் தெளிவாகப் பிரித்தார்கள்: காகிதத்தில் உள்ள அறநெறி ஒன்று, நடைமுறையில் வரும் அறநெறி இன்னொன்று.

மேற்பார்வையாளர் கேட்கும் 'கெயார் எதிக்ஸ்' இந்த இரண்டாவதுக்கு உதவுவது. உளவியலாளர் கரல் கில்லிகன் 1982 இல் சொன்னது, அறம் உரிமைக் கணக்கு மட்டுமல்ல, உறவைக் காப்பதும் அறம்தான் என்று. மெய்யியலாளர் நெல் நொடிங்ஸ் 1984 இல் ஒரு படி போனார்: பெறுபவர் அதைக் கரிசனையாக உணராவிட்டால் அது நிறைவேறவில்லை. அரசியல் கோட்பாட்டாளர் ஜோன் ட்ரொன்டோ 1993 இல் அதை நான்காகப் பிரித்தார்: கவனித்தல், பொறுப்பெடுத்தல், செய்யத் தெரிந்திருத்தல், பெற்றவரின் பதிலைக் கேட்டல். மாணவர்கள் வழுக்குவது மூன்றாவதில். மனம் இளகுகிறது, கிளினிக் எந்த நாள் என்று தெரியாது.

தமிழில் இதைக் 'கரிசனை அறநெறி' என்கிறார்கள். 'பராமரிப்பு' என்ற சொல்தான் எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது, அதில் வேலை இருக்கிறது. குளத்தில் கரிசனை உள்ளவர் ஊர் முழுக்க உண்டு. மாரிக்கு முன் குளக்கட்டில் பற்றை வெட்டி, எலிப்பொந்து அடைத்து, தண்ணீர் திறக்கும் துருசு பார்ப்பவர் சிலர்தான். ஆய்வு உறவும் அப்படி. உடைந்த பிறகு மண்மூட்டை போடுவதை ஒருவரும் பராமரிப்பு என்று சொல்வதில்லை.

ஒப்புதல் படிவத்தைக் கண்டதும் சனம் அடுப்படிக்குள் போய்விடுகிறது. கையெழுத்து இல்லாமல் குழு ஏற்காது. என்ன செய்வது?
– ஆய்வு உதவியாளர், முல்லைத்தீவு

முதலில் உங்கள் வாயில் வரும் சொல்லைப் பாருங்கள். "அம்மா, உங்கட பேச்சைப் பதிவு செய்யலாமோ?" என்று கேட்டிருப்பீர்கள். வன்னியில் பதிவு என்றால் வேறு. இடம்பெயர்ந்தபோது பதிவு, செட்டிகுளம் முகாமில் பதிவு, மீளக் குடியேறியபோது பதிவு, புனர்வாழ்வு முடித்து வந்தவருக்குப் பதிவு. ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் ஒரு ஆயுதமோ ஒரு பட்டியலோ இருந்தது. "ரெக்கோட் பண்ணட்டோ?" என்று கேளுங்கள், ஆளுக்கு விளங்கும், பயம் வராது. 'விசாரிக்க வந்தனான்' என்ற சொல்லும் வேண்டாம். 'தகவல் திரட்டுதல்' அதைவிட மோசம்.

கையெழுத்துக்கு மாற்று உண்டு: வாய்மொழி ஒப்புதல். விண்ணப்பத்திலேயே காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். படிவத்தில் உள்ள பெயரே இந்த ஆய்வில் பெரிய ஆபத்து, பெயர் இல்லாவிட்டால் ஆளோடு தொடுக்கும் தாளே இல்லை என்று எழுதுங்கள். நடைமுறை இப்படி: தகவல் தாளை உரத்து வாசியுங்கள், அவருடைய பேச்சுத் தமிழில், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல். "விளங்கிச்சோ?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். "நான் இதை என்ன செய்யப் போறன் எண்டு நீங்கள் விளங்கினதைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். பிறகு ஆய்வாளர்தான் தன் கையெழுத்தைப் போட்டு, திகதியும் குறியீட்டு இலக்கமும் எழுதுகிறார். ஒலிப்பதிவில் அவர் பெயரைச் சொல்ல வைக்காதீர்கள்.

ஒப்புதல் ஒருமுறைச் சடங்கும் அல்ல. தொடக்கத்தில், பேச்சு எதிர்பாராத பக்கம் திரும்பும்போது, கடைசியில் "இதில எதையாவது எடுத்துவிடட்டோ?" என்று. பிறகு, ஒலியைக் கேட்டு எழுதிய எழுத்துப்படியைக் காட்டும்போது மறுபடியும். விலகலாம் என்று சொன்னால் திகதியோடு சொல்லுங்கள். ஆய்வறிக்கை அச்சான பிறகு விலக முடியாது என்பதை மறைத்து "எப்ப வேணுமெண்டாலும்" என்பது பொய்.

கிராம அலுவலரின் அனுமதி ஊருக்குள் போக மட்டும். அவர் வீட்டுக்கு வந்து அறிமுகம் செய்தால் மறுக்க ஆளுக்கு வழி இல்லை. அவரிடம் தகவல் தாளைக் கொடுத்துவிட்டுத் தனியே போங்கள். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்று பிறகு அவர் கேட்டாலும் சொல்லக் கூடாது.

அந்த அம்மா என்னை 'மகள்' என்கிறா. சாப்பிடாமல் விடுறா இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வா என்கிறா. ஆய்வு செப்டெம்பரில் முடிகிறது. நான் ஏமாற்றுகிறேனா?
– கலாநிதிப் பட்ட மாணவி, ஒட்டுசுட்டான்

சாப்பிடுங்கள், பொங்கலுக்கும் போங்கள். சோற்றை மறுப்பதை எந்த அறநெறியும் கேட்கவில்லை.

ஏமாற்று உறவுமுறைச் சொல்லில் இல்லை. அந்நியருக்குச் சொல்லாததை மகளுக்குச் சொன்னார், நீங்கள் அதை அந்நியராக எழுதினீர்கள். ஏமாற்று அங்கேதான் நுழைகிறது. அதனால் ஒரு கடும் விதி வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கோடர் நின்ற பிறகு சொன்னது, அடுப்படியில் சொன்னது, கோயிலில் சொன்னது எதுவும் தரவு அல்ல, திரும்பக் கேட்டு அனுமதி வாங்கும்வரை. "அண்டைக்குத் தேங்காய் திருவேக்க சொன்னியளே, அதை எழுதட்டோ அம்மா?" வேண்டாம் என்றால் அது போய்விட்டது. ஆய்வின் மிகச் சிறந்த வரியாக இருந்தாலும் போய்விட்டது. இந்த இழப்பைத் தாங்க முடியாவிட்டால் மகள் என்ற பெயரை ஏற்க வேண்டாம்.

நொடிங்ஸ் தாய்–பிள்ளை உறவையே மாதிரியாக எடுத்தார். ட்ரொன்டோ அதில் ஆபத்தைக் கண்டார்: பராமரிப்பவர் மற்றவருக்காகத் தானே முடிவெடுக்கத் தொடங்குவார். உங்கள் நிலையில் அது தலைகீழாகவும் நடக்கும். அவர் உங்களைப் பராமரிக்கிறார், உங்கள் பட்டம் பிழைக்க வேண்டுமே என்று சொல்ல விரும்பாததையும் சொல்வார். "இது சொல்லாட்டியும் எனக்குப் பாஸ் வரும் அம்மா" என்று ஒருதரம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

முடியும் மாதத்தை முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் இன்று சொல்லுங்கள். பாதியில் ஒருதரம், கடைசிக்கு முந்திய வருகையில் ஒருதரம் நினைவூட்டுங்கள். கடைசி வருகைக்கு ரெக்கோடரும் கொப்பியும் இல்லாமல் போங்கள். பிறகு "எப்பவும் எடுப்பன்" என்று சொல்லாமல் தைப்பொங்கலுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் எடுப்பேன் என்று சொல்லி, எடுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டால் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லுங்கள். மகனின் கோவையைக் கொழும்பில் ஆருக்காவது கொடுக்கிறேன் என்று மட்டும் ஏற்காதீர்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவர் பல வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயரை மாற்றினால் போதும்தானே?
– மாணவர் குழு, மல்லாவி

போதாது. 'கமலா, 52, ஒரு கால் இல்லை, மூன்று ஆண் பிள்ளைகளில் இளையவர் மட்டும் மிச்சம், காடை வளர்க்கிறார்' என்று எழுதினால் கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. துணுக்காய் முழுக்கத் தெரியும். வெளியாருக்கு மறைப்பது ஒன்று, ஊராருக்கும் வீட்டாருக்கும் மறைப்பது வேறு. சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004 இல் இரண்டாவதை உள்ளக இரகசியம் என்று பெயரிட்டு, ஆய்வாளர்கள் மறப்பது அதைத்தான் என்றார். கணவர் அந்த ஆய்வை வாசித்தால் எது மனைவி சொன்னது என்று கண்டுபிடிப்பாரா? அதுதான் சோதனை.

கிராமத்தை விட்டுவிட்டு மாவட்டத்தை மட்டும் எழுதுங்கள். வயதைப் பத்தாண்டுக் கட்டத்தில் போடுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, தொழில், காயத்தின் வகை ஆகியவற்றில் வாதத்துக்குத் தேவையானதை வைத்து மற்றதை மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். சில வேளை ஒருவரின் மேற்கோள்களை இரண்டு புனைபெயருக்குப் பிரித்துப் போட வேண்டிவரும். முன்னாள் போராளியா என்பதை அவர் வெளிப்படையாக எழுதச் சொன்னால் ஒழிய எழுத வேண்டாம்.

அதிகம் கசிவது எழுத்திலிருந்து அல்ல, போனிலிருந்து. போனில் எடுத்த ஒலி தானாகவே கூகுளுக்கோ ஐகிளவுடுக்கோ ஏறக்கூடும். அந்தத் தானியங்கிச் சேமிப்பை முதலே நிறுத்துங்கள். படத்துக்குள் இடத்தின் ஆள்கூறு இருக்கும். கமெராவின் இருப்பிட அமைப்பை நிறுத்துங்கள். எழுத்துப்படி செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒலியை அனுப்பினால் அது இரண்டு போனில் கிடக்கும். கேட்டு எழுதித் தரும் இலவசச் செயலிகள் பல ஒலியை வெளிநாட்டுச் சேர்வருக்கு ஏற்றிவிடும். தனி ரெக்கோடர் நல்லது. அன்றிரவே மறைகுறியாக்கிய கணினிக்கு மாற்றி, ரெக்கோடரில் அழித்துவிட்டுத்தான் அடுத்த நாள் சோதனைச் சாவடி தாண்ட வேண்டும். பெயரும் குறியீடும் உள்ள தாள் வைத்திருந்தால் அது வேறு இடத்தில். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்து, இனம், உடல்நலம் ஆகியவற்றை விசேட வகையாக வைத்திருக்கிறது. வன்னி நேர்காணல் ஒன்றில் மூன்றும் முதல் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

காசு கொடுக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

கொடுக்கலாம், கதைக்கு அல்ல, நேரத்துக்கு. அந்த ஊரின் நாட்கூலியில் அரைநாள் பங்கு, பஸ் காசு. எல்லாருக்கும் ஒரே தொகை, முன்பே சொல்லி, பேச்சுத் தொடங்க முதல் கையில். அழுத பிறகு நீட்டும் காசு அழுகைக்கு விலை போட்டதாகிவிடும். பாதியில் விலகினாலும் திரும்பக் கேட்கக் கூடாது. உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. தை, மாசியில் அறுவடை நடக்கும்போது காசு கொடுத்தாலும் போகாதீர்கள். அந்த நாளை எந்தக் காசும் ஈடு செய்யாது.

எழுத்துப்படி செய்து கொடுக்கிறேன். இரவில் அந்தக் குரல்கள் காதுக்குள் கேட்கின்றன. இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ?
– தட்டச்சாளர், பரந்தன்

சொல்ல வேண்டும். கேட்காமல் இருந்தது ஆய்வை நடத்துபவரின் பிழை. ஒரு மணித்தியால ஒலிக்கு நான்கு தொடக்கம் ஆறு மணித்தியால வேலை. அழுகையும் கோழிச் சத்தமும் கலந்தால் இன்னும் கூடும். நேர்காணல் செய்தவர் ஒருதரம் கேட்டதை நீங்கள் வசனம் வசனமாக ஐந்துதரம் கேட்கிறீர்கள். அதுவும் நீங்களும் அதே முகாமில் இருந்தவராக இருக்கலாம்.

ஒலிக் கோவையோடு ஒரு வரிக் குறிப்புக் கேளுங்கள்: இதில் என்ன வருகிறது, எத்தனையாவது நிமிடத்தில். தெரிந்த ஊர், தெரிந்த ஆள் என்றால் திருப்பிக் கொடுக்க உரிமை வேண்டும். கடினமான கோவையை ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செய்யாதீர்கள். பகலில், கதவு திறந்த அறையில், ஹெட்ஃபோனின் ஒரு காதைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கூலியை ஒலி நிமிடத்துக்குப் பேசாமல் வேலை மணித்தியாலத்துக்குப் பேசுங்கள்; நிமிடக் கூலிதான் ஆளை இரவிரவாக இருத்துகிறது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால் மேலே சொன்ன கிளினிக் உங்களுக்கும்தான்.

ஆய்வு ஆங்கிலத்தில் 120 பக்கம். அவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?
– விரிவுரையாளர், கிளிநொச்சி

இரண்டு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு ஐந்து நிமிடக் குரல் செய்தி. முதலில் கதைத்தவர்களிடம் தனித்தனியே போங்கள், பிறகுதான் மாதர் சங்க மண்டபம். மண்டபத்தில் முதன்முதலாகக் கேட்டால் "இது அவவின்ர கதை" என்று பின் வாங்கிலில் குசுகுசுப்பு எழும், தடுக்க நேரம் இருக்காது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று ஒருவர் சொன்னால் வாதாட வேண்டாம். அவர் சொன்ன திருத்தத்தை அறிக்கையில் அவருடைய குரலாகச் சேருங்கள்.

மாணவர்கள் திரும்பிப் போகாததற்கு மனமில்லாதது மட்டும் காரணமல்ல, காசும் இல்லை. ஆகவே முன்மொழிவில் 'தரவு சேகரிப்புப் பயணம்' என்ற வரிக்குக் கீழே 'திரும்பிப் போகும் பயணம்' என்று இன்னொரு வரி போடச் சொல்லுங்கள், மாதத்தோடும் பஸ் காசோடும். அந்த வரி இல்லாத முன்மொழிவில் நீங்கள் கையெழுத்து வைக்காதீர்கள்.